கழுவிக் கொட்டிய நீலம்

மாப்ளே, என் நகமெல்லாம் பழுப்பாகிவிட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்தேன், போகவில்லை. இன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தால், ரசத்தின் வாசனையையும் மீறிக்கொண்டு அந்த நாற்றம் வருகிறது. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். என்னவென்று வீட்டில் கேட்டதற்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. அது பழைய டெவலப்பரின், பேப்பரில் படத்தை வெளியே கொண்டுவருகிற மருந்தின் நாற்றம். பதினோரு வருடம் உன் கையில் இருந்த நாற்றம். கடைவீதி ஓட்டலில் நீ பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம், "கையைக் கழுவிட்டு வாய்யா" என்று உன்னை விரட்டியிருக்கிறேன். நீ வேட்டியில் ஒரு தடவை துடைத்துக்கொண்டு இலையை இழுத்துப் போட்டுக்கொள்வாய்.

நீலம் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மூன்று மாதம் நீ ராப்பகலாக மன்றாடியும் வராத நீலம், நீ செத்து ஒரு வருடம் ஆன பிறகு, நான் கூப்பிடாமலேயே வந்து நிற்கிறது. எனக்கு வருகிற ஆத்திரத்தில் அந்தப் படத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். பேப்பர் கிடைக்காத காலமாக இருப்பதால் கிழிக்கவில்லை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மிளகாய் மண்டிக்கு மேல் மாடியில் நாம் ஸ்டுடியோ போட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கீழே மூட்டையை உதறினால் மேலே படம் எடுக்க உட்கார்ந்தவர் தும்முவார். "அசையாதீங்க, அசையாதீங்க" என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். காமிரா எனக்கு, இருட்டறை உனக்கு என்று பிரித்துக்கொண்டோம். வருகிறவர்களை உட்கார வைப்பது, கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பது, மருந்துகளை எடைபோட்டுக் கலந்து வைப்பது எல்லாம் என் வேலை. தகட்டிலிருந்து பேப்பரில் படம் போடுவது உன் வேலை. நான் துடைத்து வைத்த மேஜையில் நீ டெவலப்பரைச் சிந்துவாய். நான் பெயர் எழுதி ஒட்டிய பாட்டில்களை இடம் மாற்றி வைப்பாய். பத்து மணிக்கு வரவேண்டியவன் பதினொன்றரைக்கு வருவாய், அதுவும் பாட்டை முனகிக்கொண்டு. இருட்டறையில் உனக்கென்று ஒரு மூலை வைத்துக்கொண்டு, "மாப்ள, இந்த மூலைய மட்டும் தொடாத. மத்த எல்லாத்தையும் கழுவிக்க" என்று சொல்லியிருந்தாய்.

அந்த மூலையில்தான் அந்தப் பழுப்பு பாட்டில் இருந்தது. வேலை முடிந்ததும் தட்டில் மிஞ்சிய டெவலப்பரை எல்லோரும் கொட்டிவிடுவார்கள். நீ சோம்பேறி. கொட்டுவதற்குப் படியிறங்கிச் சாக்கடை வரை போகவேண்டும் என்பதால், அதை அந்தப் பாட்டிலில் ஊற்றி வைப்பாய். மறுநாள் நான் கலந்து வைத்த புது மருந்தோடு அதையும் சேர்த்துக்கொள்வாய். பல வருடத்துப் பழசு அதில் கிடந்தது. காப்பி டிகாஷன் நிறம், அடியில் சேறு. அதில் போட்ட பேப்பரில் படம் தெரியவே பத்து நிமிடம் பிடிக்கும். அதற்கேற்றபடி நீ பேப்பருக்கு வெளிச்சத்தை மூன்று மடங்கு காட்டுவாய். படம் செங்கல் நிறத்தில் மெல்ல வெளியே வரும். எல்லாம் சோம்பேறித்தனம் என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

தங்க உப்பு கரைத்த தண்ணீரில் படத்தை ஊறப் போட்டால் நிறம் குளிரும் என்று நாம் இருவருமே படித்திருந்தோம். நான் போட்டால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாகும், அவ்வளவுதான். நீ போட்ட அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றேன். எருமப்பட்டியில் உங்கள் காட்டு வரப்பில் நின்று, மழைக்கு முந்தின காலையில் நீ எடுத்த கொல்லிமலைப் படம் அது. செங்கல் நிறத்தில் இருந்த மலை தங்கத் தண்ணீரில் கிடந்து முதலில் நாவற்பழச் சாறு மாதிரி ஆயிற்று. பிறகு கத்தரிப்பூ நிறம். கால் மணி நேரம் கழித்து நீலம். மசி நீலமல்ல, சாயப்பட்டறை நீலமும் அல்ல. மழை இறங்கப் போகிற நேரத்து மலை தூரத்திலிருந்து எப்படித் தெரியுமோ அப்படி. நீ தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, "என்ற மலை மாப்ள இது" என்றாய். ஈரத்தோடு அதை வெளியே கொண்டுபோய் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாய்.

அந்தப் படத்தைப் பட்டணத்துக் கண்காட்சிக்கு அனுப்பச் சொன்னது நான்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் உனக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு நீ ஊருக்குப் போய்விட்டாய். கடலை பிடுங்குகிற சமயம், இரண்டு நாள் கூடுதலாக இருந்துவிட்டு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். பூசைக்கு முந்தின நாள் நான் ஸ்டுடியோவைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவினேன். காமிராவுக்குச் சந்தனம், தட்டுகளுக்குக் குங்குமம், தராசுக்கு ஒரு பூ. எல்லாம் பளபளவென்று இருக்கும்போது உன் மூலையில் அந்த ஒரு பாட்டில் மட்டும் கண்ணில் குத்தியது. சாமிக்கு முன்னால் இப்படி ஒரு நாற்றத்தை வைப்பதா என்று தோன்றிவிட்டது. தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கொட்டினேன். மணலும் புளியும் போட்டு உள்ளே குலுக்கிக் கழுவினேன். பிறகுதான் நீ வந்தால் சத்தம் போடுவாயே என்று பயம் வந்தது. நல்ல புது டெவலப்பரைக் கலந்து அதில் கழுத்து வரை ஊற்றி, பழைய இடத்திலேயே வைத்தேன். பழுப்புக் கண்ணாடி, அதுவும் இருட்டறையின் சிவப்பு விளக்கு. உள்ளே இருப்பது என்ன நிறம் என்று பிரம்மாவுக்கே தெரியாது.

நீ திரும்பி வந்த மறுநாளே பட்டணத்திலிருந்து கடிதம் வந்தது. உன் மலைப்படத்தை எடுத்துக்கொண்டார்கள். அதே நீலத்தில் இன்னும் மூன்று மலைப்படங்கள் தை பிறப்பதற்குள் அனுப்பினால், நான்கையும் ஒரு சுவரில் சேர்த்து மாட்டுவதாக எழுதியிருந்தார்கள். நீ அந்தக் கடிதத்தை மண்டிக்காரருக்குக்கூடப் படித்துக் காட்டினாய். உன்னை நான் அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அந்த மூன்றில் முதல் படத்தைப் போட்ட அன்றே நீ கேட்டாய். "ஏன் மாப்ள, இது ரெண்டு நிமிசத்துல வந்து நிக்குது? மருந்துல எதையாச்சும் மாத்துனயா?"

"இல்லையே. பேப்பர் புதுப் பெட்டி. அதனாலயா இருக்கும்" என்றேன்.

நான் அப்போது சொன்ன பொய் அது. ஒரு பாட்டில் அழுக்குத் தண்ணீரைக் கொட்டினதற்கும் நீலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். நீயும் பழியைத் தங்கத் தண்ணீர் மேல்தான் போட்டாய். படம் கறுப்பாக வந்தது, தங்கத்தில் போட்டால் சாம்பலானது. மறுபடி போட்டாய், சாம்பல். தண்ணீரில் உப்பு என்றாய். ஊருக்கு வெளியே ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து பார்த்தாய். சாம்பல்தான். தட்டைச் சூடு பண்ணிப் பார்த்தாய், படம் தோல் உரிந்தது. என்னைக் கேட்டால், என் பங்குக்கு நான் உனக்கு ஒரு பேருதவி செய்தேன். டெவலப்பர் மேல் குற்றம் வந்துவிடக் கூடாது என்று, தினமும் காலையில் உன் பாட்டிலையும் கழுவிப் புது மருந்து கலந்து வைத்தேன். பழசு மறுபடி சேர்வதற்கு ஒரு நாள்கூட நான் இடம் கொடுக்கவில்லை. இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மார்கழி பாதியில், தங்க உப்பில்தான் கலப்படம் என்று முடிவு செய்தாய். ஒருநாள் உன் விரலில் மோதிரம் இல்லை. உன் மாமனார் கல்யாணத்துக்குப் போட்ட மோதிரம். தெருக்கோடிப் பத்தரிடம் கொடுத்து, செம்பை நீக்கிச் சுத்தத் தங்கமாக்கி, ராஜ திராவகத்தில் கரைத்து, ஒரு சின்னப் பாட்டிலில் மஞ்சள் தண்ணீராகக் கொண்டுவந்தாய். "இது என்ற மாமனார் ஊட்டுத் தங்கம் மாப்ள. இதுல கலப்படம் இல்ல" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பாட்டிலைக் கொட்டினேன் என்று ஒரு வார்த்தை. அது உனக்கு உதவுமென்று நினைத்து அல்ல, சும்மா, நேர்மைக்காகவாவது சொல்லியிருக்கலாம். இரண்டு மாதம் கழித்துச் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்தத் தங்கமும் சாம்பலைத்தான் தந்தது.

தை பிறந்தது. நீ படம் அனுப்பவில்லை. எனக்கு வேறு வேலைகள் தேங்கிக் கிடந்த எரிச்சல். "முதல் படம் ஏதோ குருட்டாம்போக்கில் வந்திருக்கும், விட்டுத்தள்ளு" என்று சொல்லிவிட்டேன். நீ வெகுநேரம் உன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "கை போயிருச்சு மாப்ள. கை போனவன் இங்க இருந்து என்ன பண்றது? நான் காடு தோட்டத்தப் பாக்கப் போறேன்" என்றாய். நான் தடுத்தேன். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லித் தடுக்கவில்லை. நீ ஒரு டிரங்குப் பெட்டியோடு நாமக்கல் பஸ் ஏறினாய். அந்தச் சின்னப் பாட்டிலை, மிச்சத் தங்கத் தண்ணீரோடு, அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனாய்.

அதன்பிறகு இரண்டரை வருடம் நீ காமிராவைத் தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். இரண்டு முறை வந்து பார்த்தேன். சோளத்தைப் பற்றிப் பேசினாய், கிணற்றைப் பற்றிப் பேசினாய். படத்தைப் பற்றி நானும் எடுக்கவில்லை. போன ஆடியில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் போய்விட்டாய். தகவல் எனக்கு மறுநாள்தான் வந்தது. நான் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது சண்டைக்காலம். கப்பலில் மருந்து வருவதில்லை. டெவலப்பருக்கு வேண்டிய சரக்கு பம்பாயிலேயே இல்லை என்கிறார்கள். கழுவிக் கழுவிக் கொட்டுகிற என்னிடம், கொட்டாதே என்று சண்டை வந்து சொல்லவேண்டியிருந்தது. ஒரு மாதமாகப் பழைய மருந்தையே எடுத்து வைத்து, அதில் புதுசு கொஞ்சம் ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். பட்டாளத்தில் சேர்ந்த ராசிபுரத்துக்காரர் ஒருவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகப் படம் எடுத்துக்கொண்டார். படம் வெளியே வர ஒரு யுகம் பிடித்தது. வந்ததும் செங்கல் நிறம். இருக்கிற கொஞ்சம் பேப்பரில் ஒன்று வீணாய்ப் போய்விட்டதே என்ற எரிச்சலில், சிவப்பைக் கொஞ்சம் அடக்கலாம் என்று உன் சின்னப் பாட்டிலை எடுத்தேன். நாவற்பழம் வந்தது. கத்தரிப்பூ வந்தது. நான் தட்டை ஆட்டுவதை நிறுத்திவிட்டேன். எதைக் கொட்டினேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தங்கத்தில் ஒன்றுமில்லை, தண்ணீரில் ஒன்றுமில்லை, உன் கையிலும் குறையில்லை. அந்தப் பழைய அழுக்கில் மெதுவாக வெந்து சிவந்த படம்தான் தங்கத்தில் நீலமாகும். நறுக்கென்று கறுப்பாய் வந்த படம் எந்தத் தங்கத்துக்கும் மசியாது.

பட்டாளத்துக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, என்னையக் கிருஷ்ணராட்டம் பண்ணிப் போட்டீங்க" என்றார். அவருக்கு வேறொன்று போட்டுக்கொடுத்தேன். நான் அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் மேல்தான் முதலில் கோபம் வந்தது. அத்தனை கெட்டிக்காரன், தன் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்திருக்கக் கூடாதா? ஒரு தடவை என்னைச் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா? நீ கேட்டாய். நான்தான் இல்லை என்றேன்.

மறுநாள் உன் கொல்லிமலைத் தகட்டைத் தேடி எடுத்து, பழைய மருந்தில் போட்டு, உன் தங்கத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை ஊற்றி எடுத்தேன். வந்தது. உன் நீலத்துக்கு ஒரு நூல்கூடக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை அதை அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடுகிற பஸ் மேட்டில் ஏறாமல் இரண்டு இடத்தில் எங்களை இறக்கித் தள்ளவிட்டது. வழியெல்லாம் ஒரே எண்ணம்தான். உன்னிடம் சொல்லத் தப்பியதை உன் பெண்டாட்டியிடமாவது சொல்லிவிடவேண்டும். அவள் திட்டவேண்டும். மண்ணை வாரித் தூற்றினாலும் சரி என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டேன்.

அம்மிணி களத்தில் கம்பு காயவைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலையில் அவளைப் பார்க்க இன்னும் பழகவில்லை. உன் மகள் கம்புக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்ண்ணா. சொல்லியனுப்பாம வந்திருக்கீங்க. உக்காருங்க" என்று கட்டிலை இழுத்துப் போட்டாள்.

படத்தைக் கொடுத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். "நம்ம மலைங்களே" என்றாள். "அவரு பண்ணதுங்களா?"

"அவன் எடுத்தது. படம் போட்டது நான். அம்மிணி, அவன் மோதிரம் இதுக்குள்ளதான் இருக்கு."

அவள் புரியாமல் பார்த்தாள். "மோதிரம் கெணத்துல உழுந்துருச்சுன்னு சொன்னாருங்க. எங்கப்பாகூட ஆளை எறக்கித் தேடச் சொன்னாங்க."

அதற்குமேல் நான் நிறுத்தவில்லை. ஆயுத பூசை, பாட்டில், மணலும் புளியும், நீ கேட்டது, நான் இல்லை என்றது, மோதிரம் கரைந்தது, கை போய்விட்டதென்று நீ கிளம்பியது, எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். "அவன் கை நல்லாத்தான் இருந்துச்சு, அம்மிணி. என்னாலதான் அவன் அந்த வேலைய உட்டுட்டு வந்தான். பட்டணத்துல நாலு படமும் மாட்டியிருந்தா அவன் வாழ்க்கையே வேறயா இருந்திருக்கும். பண்ணுனது நான்தான்."

அம்மிணி மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் வாயிலிருந்த கம்பை விரலால் எடுத்துப் போட்டாள்.

"கண்ணாலம் ஆயி ஒம்பது வருசம் நான் இங்கயும் அவரு சேலத்துலயும் இருந்தமுங்க," என்றாள். "மாசத்துக்கு ரெண்டு நாளு வருவாரு. அதுலயும் ஒரு நாளு தூங்கியே போயிரும். ஊருல எனக்கு என்ன பேருன்னு உங்களுக்குத் தெரியாதுங்ண்ணா. நல்லது கெட்டதுக்கு என்னைய முன்னால நிக்க உட மாட்டாங்க. அவரு பொட்டியத் தூக்கிட்டு வந்தப்பறந்தான் நானும் ஒரு பொம்பளையா இருந்தனுங்க. இவ பொறந்தது அப்பறந்தானுங்க."

நான் தலையைத் தூக்கவில்லை.

"அவரு மனசு ஒடஞ்சுதான் வந்தாருங்க. எனக்குத் தெரியும். மலையப் பாத்துட்டு அப்பிடியே நிப்பாரு. அது எனக்கும் சங்கடந்தான். ஆனா நீங்க கொட்டாம இருந்திருந்தா அவரு வந்திருக்க மாட்டாருங்க." மகளின் தலையில் ஒட்டியிருந்த உமியை ஊதிவிட்டாள். "நல்லது பண்ணுனீங்கன்னு சொன்னா அவருக்கு ஆகாது. இருந்தாலும் சொல்லாம இருக்க முடியலீங்க. சாப்புட்டுட்டுப் போங்ண்ணா."

சாப்பிட்டேன். கம்மஞ்சோறும் மோரும் ஊற்றினாள், இரண்டாவது தடவையும் வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக்கொண்டேன். உன் மகள் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன்னுடைய மூக்கு.

திட்டுவாங்கப் போனவனுக்கு நன்றியைக் கொடுத்து அனுப்பிவிட்டாள், மாப்ளே. திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளாக உனக்கு ஒரு வரி எழுதப் பார்க்கிறேன். அந்தப் பாட்டிலை நான் கொட்டியிருக்கக் கூடாது என்று எழுதுகிறேன். எழுதின உடனே அந்தப் பிள்ளை கம்புக்குள் உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அடித்துவிடுகிறேன். கொட்டியது நல்லதாகப் போயிற்று என்று எழுதுகிறேன். நீ கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். அதையும் அடித்துவிடுகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பது மட்டும் நிச்சயம். எதற்கென்று எழுதுவது என்றுதான் தெரியவில்லை.